ஆறு நிலமானபோது: இரு வங்கப் புதினங்கள்

மாணிக் பந்தோபாத்யாயின் ‘பத்மா நதிப் படகோட்டி’ (1936), அத்வைத மல்லபர்மனின் ‘தித்தாஷ் ஒரு நதியின் பெயர்’ (1956) ஆகிய வங்கப் புதினங்களை ஆற்றங்கரை வறுமையின் சித்திரங்களாக மட்டும் ஒருங்கே மதிப்பிடுதல் பொருந்தாது. முன்னதில் மீனவன் குபேர் கரையைத் துறந்து ஹொசைன் மியாவின் தீவுக்குச் செல்கிறான்; ஆறு நிலைத்திருக்கிறது. பின்னதில் ஆறே மக்களை நீங்குகிறது. தித்தாஷ் தூர்ந்து எழுந்த மணல்திட்டு பிறர் கைப்படுகிறது. நீரில் மீன்பிடித்து வாழ்ந்த மாலோ மக்களுக்கு, அந்நீர் நிலமானதும் அதில் இடமில்லை. அச்சமூகத்திலேயே பிறந்த மல்லபர்மன், 1947 பிரிவினையால் தம் பிறப்பிடம் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் அமைந்துவிட, 1951இல் கொல்கத்தாவில் மறைந்தார். நூல்வடிவம் அதன்பின்னரே வந்தது. நாட்டெல்லையைப் பொருளாகக் கொள்ளாத அவரது புதினம், நிலவுடைமை வகுக்கும் எல்லையே ஆற்றங்கரை மக்களை முதலில் வெளியேற்றுகிறது என்பதை உணர்த்துகிறது.