விண்ணில் விரியும் வலை

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நாசா-இஸ்ரோ கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நைசாரின் உயிர்நாடி அதன் 12 மீட்டர் அகல ஆன்டெனா. ராக்கெட்டின் தலைக்கூட்டில் நான்கு மீட்டருக்கு மேல் அகலம் கிடையாது. அதனால் 123 கூட்டுப்பொருள் தண்டுகளாலான சட்டத்தையும் அதில் இழுத்துக் கட்டிய தங்கமுலாம் பூசிய கம்பிவலையையும் குடைபோல் மடக்கி அனுப்பினார்கள். எடை 64 கிலோதான். ஆகஸ்ட் 9 முதல் அதைத் தாங்கும் ஒன்பது மீட்டர் கையின் மூட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, 15ஆம் தேதி வலையை விரித்தார்கள்.

மண்ணின் ஈரத்தையும் அளக்கும் நைசாரால் தருமபுரிக்குப் பயன் உண்டு. பென்னாகரம், அரூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கேழ்வரகும் சாமையும் மண்ணின் ஈரத்தை நம்பியே நிற்கின்றன. 2015இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள், அந்த ஈரத்தை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. சுமார் 4,500 சதுர கிலோமீட்டர் மாவட்டம் மூன்றே கட்டங்களில் முடிந்துவிடும். நைசாரின் ஈர வரைபடமோ 200 மீட்டர் கட்டம் வரை இறங்கும். அப்படி ஒரு கட்டம் பத்து ஏக்கர். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இதுவும் பெரிது. ஆனால் பிர்க்கா வாரியாக வறட்சியை மதிப்பிட இது போதும். அந்த வலை இல்லாமல் இவ்வளவு பரப்பை, பன்னிரண்டு நாளுக்கு இருமுறை, இத்தனை நுணுக்கமாகப் பார்க்க முடியாது.

ஆனால் மடித்து அனுப்பும் பொருளுக்கு விரிய ஒரே வாய்ப்புதான். 1982 ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏவில் முதலில் ஆன்டெனா சிக்கியது. அது பிறகு விடுபட்டது. சூரியத் தகடுகளின் மீது விழும் ஒளியழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டிய பாய் கடைசிவரை விரியவே இல்லை. நிலைப்பாட்டைக் காக்கும் எரிபொருள் தீர்ந்து, செப்டம்பரிலேயே செயற்கைக்கோள் கைவிடப்பட்டது. 1991இல் வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலத்தின் 4.8 மீட்டர் ஆன்டெனாவும் பாதியில் நின்றது. பூமியில் எவ்வளவு சோதித்தாலும் எடையின்மையையும் விண்வெளிக் குளிரையும் வெற்றிடத்தையும் ஒருசேர உண்டாக்க முடிவதில்லை என்பதே இம்முறையின் ஆழமான குறை.

நைசாரும் அதற்குத் தப்பவில்லை. மடித்த நிலையில் ஆன்டெனா எதிர்பார்த்ததைவிடச் சூடாகக்கூடும் என்று தெரிந்ததும், 2024இல் அதைக் கலிபோர்னியாவுக்குத் திருப்பி அனுப்பிச் சிறப்புப் பூச்சு பூசினார்கள். ஏவுதல் தள்ளிப்போனது. அந்தத் தாமதம் சரியான முடிவு என்றே சொல்வேன். லேசான பொருளுக்கு எடையில் மிச்சமாவது காலத்திலும் கவனத்திலும் செலவாகிறது.

என் ஆதங்கம் வேறு. 2015இல் ஜிசாட்-6இல் ஆறு மீட்டர் ஆன்டெனாவை இஸ்ரோவே விரித்துக் காட்டியது. 2018இல் அதே வகை ஆன்டெனாவோடு போன ஜிசாட்-6ஏவின் தொடர்பு, விரிக்கும் கட்டம் வருமுன்பே அறுந்தது. நைசாரின் வலையைச் செய்தது நார்த்ராப் குரும்மன் நிறுவனம். 12 மீட்டருக்கு நாமே போக வேண்டுமானால், பெரிய செயற்கைக்கோளிலேயே முதல் சோதனையை வைப்பது ஆபத்து. பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்தைச் சோதனை மேடையாக்கும் போயம் 2022 முதல் பறக்கிறது. சிறு வலைகளை அங்கே மீண்டும் மீண்டும் விரித்துப் பார்க்கட்டும். சிக்கியவற்றின் அறிக்கைகளையும் பொறியியல் மாணவர்கள் படிக்கும்படி வெளியிடட்டும்.