ஒரே பெயரை ஐந்து முறை

இருசக்கர வாகன ஷோரூம் எதுவும் ஒரே மென்பொருளில் ஓடுவதில்லை. வண்டி இருப்பு, பில், ஜாப் கார்டு, ஸ்பேர் பார்ட்ஸ், வாரண்டி க்ளெய்ம் எல்லாம் வண்டி தயாரிக்கும் கம்பெனி கொடுத்த டிஎம்எஸ் என்ற டீலர் மேலாண்மை மென்பொருளில் நடக்கின்றன. பதிவு மத்திய அரசின் வாகன் தளத்தில். இன்சூரன்ஸுக்கு ஒரு தளம், கடனுக்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் தளம், கணக்குக்கு டேலி. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே பார்ப்பதற்கு டீலரின் இணையதளம். இவற்றைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் ஆண்டுக்காண்டு மேம்படுத்துவதும் இன்று ஒரு தனித் தொழில். அந்தத் தொழிலுக்கு ஆதரவாக அடிக்கடி வைக்கப்படும் வாதம் ஒன்று உண்டு: தலைமை அலுவலகமே எல்லா டீலர்களுக்கும் பொதுவான மென்பொருளை வைத்து ஒரே நாளில் மேம்படுத்திவிடுகிறது, டீலர் தன் பங்குக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்த வாதத்தின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. அந்தத் தவறுக்கான விலையைக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் தினமும் கொடுக்கிறார்.

சரியான பாதியை முதலிலேயே ஒப்புக்கொள்ளலாம். எந்த மாடல், எந்த நிறம், எந்தக் கிளையில் எத்தனை என்பது இன்று ஒரு நொடியில் தெரிகிறது. 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் பிஎஸ்-3 என்ற பழைய புகை விதிப்படி தயாரான வண்டிகளின் விற்பனையை ஏப்ரல் 1 முதல் தடை செய்தபோது, நாடு முழுவதும் ஏறத்தாழ 6.7 லட்சம் இருசக்கர வாகனங்கள் விற்காமல் நின்றன. விற்க இருந்தது இரண்டே நாள். இருப்புப் பட்டியல் திரையில் இருப்பதன் அருமை அப்போது எல்லா டீலர்களுக்கும் புரிந்தது. வாரண்டி க்ளெய்ம் தபாலில் போய்த் திரும்பும் காலமும் போய்விட்டது. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு விற்பனையை இத்தனை மென்பொருள்களும் சேர்ந்து பதிவு செய்கின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றிடம் பேசுவதில்லை. அவற்றுக்கு நடுவே தூதுவராக ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலையில் ஒரு பில்லிங் மேசையைப் பார்த்தால் இது விளங்கும். வாங்க வந்தவர் எஸ். முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் ‘முருகன் எஸ்’ என்று இருக்கிறது. டிஎம்எஸ் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, இரண்டாவதை நிரப்பாமல் விடுவதில்லை. குடும்பப் பெயர் என்ற ஒன்றே முருகனுக்குக் கிடையாது. அவருக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. ஒரு கிளார்க் அங்கே ‘எஸ்’ போடுவார். இன்னொருவர் வெறும் புள்ளி வைப்பார். மூன்றாமவர் அப்பா பெயரை முழுதாக அடித்து ‘முருகன் சுப்பிரமணியன்’ ஆக்குவார். அடுத்து வாகன் தளம், அதன்பின் இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ், கடைசியில் டேலி. டோக்கன் வாங்கிய இருபது பேர் நாற்காலியில் காத்திருக்கும் நேரத்தில், ஐந்து இடத்திலும் பெயர் ஒரேபோல விழுந்தால் அது அதிர்ஷ்டம்தான்.

பெயரில் ஒரு புள்ளி முன்னே பின்னே இருப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். எனவே டெலிவரி அன்று விழுந்த பெயர்ப் பிழை 5 ஆண்டு பாலிசியில் உட்கார்ந்துகொள்கிறது. வண்டி ஓடும்வரை யாரும் கவனிப்பதில்லை. விபத்து நடந்து, குடும்பம் க்ளெய்முக்குப் போகும்போதுதான் ஆர்சியில் ஒரு பெயர், பாலிசியில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று கோப்பு நிற்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாறிய பெண்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். ஆர்சி அச்சான பின் திருத்த வேண்டுமானால் ஆர்டிஓ அலுவலகம், பாலிசியைத் திருத்த இன்சூரன்ஸ் கம்பெனி, கடன் பாக்கியிருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் கடிதம். பிழை செய்தது மென்பொருளின் அமைப்பு; அலைவது வாங்கியவர்.

அதே வண்டியின் சேஸிஸ் நம்பருக்குக் கிடைத்திருக்கும் அக்கறையோடு இதை ஒப்பிட வேண்டும். அதில் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே கூடாது என்பது உலகத் தரவிதி, ஏனென்றால் அவை ஒன்றையும் சுழியத்தையும் போலத் தெரியும். கையால் எடுத்து எழுதுபவர் தடுமாறுவார் என்று முன்கூட்டியே யோசித்து வகுத்த விதி அது. வாகன் தளமும் அந்த யோசனையைத் தொடர்கிறது: கம்பெனி ஏற்கெனவே ஏற்றிவைத்த விவரத்தோடு எண் ஒத்துப்போனால்தான் மேலே நகரும். பென்சிலால் தேய்த்து எடுத்த சேஸிஸ் பிரதியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆக, ஒரு விவரத்தை மூலத்தில் ஒரே முறை பதிந்து மற்ற இடங்களுக்கு அதையே எடுத்துக்கொள்வது நடக்காத காரியமில்லை. இரும்புக்குச் செய்த ஏற்பாட்டை அதை ஓட்டப்போகிறவரின் பெயருக்கு யாரும் செய்யவில்லை.

மேம்பாடு என்ற பெயரில் இந்த ஆண்டுகளில் வந்தவை வேறு. சர்வீஸ் அட்வைசர் கையில் டேப்லெட், வாட்ஸ்அப்பில் நினைவூட்டல், விசாரணைக்கு வந்தவரைப் பின்தொடரும் செயலி, மண்டல மேலாளருக்கு வண்ண வண்ணப் படங்களோடு தினசரி அறிக்கை. ஒவ்வொன்றும் புதிதாக ஒரு திரை, ஒவ்வொரு திரையிலும் மறுபடி பெயர், மறுபடி மொபைல் எண். தகவல் மேலே போவதற்கு வழி அகலமாகிக்கொண்டே இருக்கிறது. பக்கவாட்டில் டேலிக்கோ இன்சூரன்ஸுக்கோ போக ஒற்றையடிப் பாதைகூட இல்லை. கணக்கு ஏற்றும் வசதி டேலியில் நெடுநாளாக உண்டு. டிஎம்எஸ்ஸிலிருந்து எக்ஸெல் கோப்பை இறக்கி டேலிக்கு மாற்றித் தரும் சிறு நிரல்களை உள்ளூர்ப் பையன்கள் எழுதித் தருகிறார்கள். ஒருநாள் இரவு தலைமை அலுவலகம் ‘மேம்படுத்துகிறது’. கோப்பில் ஒரு பத்தி இடம் மாறுகிறது. காலையில் வரித் தொகை தள்ளுபடிக் கணக்கில் ஏறி நிற்கிறது. முன்னறிவிப்பு இல்லாத மாற்றத்தை மேம்பாடு என்று சொல்வதே தகாது.

இந்தப் பிரிவினைக்குத் தனியுரிமையைக் காரணமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் விவரத்தை வெளி மென்பொருளுக்குத் திறந்துவிட்டால் கசிந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். இப்போது நடப்பது என்ன? ஆதார் அட்டையின் படம் கிளார்க்கின் சொந்த செல்பேசிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. அங்கிருந்து இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு, ஃபைனான்ஸ் பையனுக்கு, சப்டீலருக்கு. கிளார்க் வேலையை விட்டுப் போகும்போது செல்பேசியும் கூடவே போகிறது. முறையான இணைப்பு இருந்தால் இந்த ஊர்வலமே தேவைப்படாது. 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விவரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வகுத்திருக்கிறது. ஐந்து இடத்தில் ஐந்து விதமாகக் கிடக்கும் பெயரைத் திருத்திக் கொடுக்கும் வழி எந்த டீலரிடமும் தயாராக இல்லை. தனியுரிமையைக் கேடயமாகப் பிடிப்பவர்கள் அந்த வழியைத்தான் முதலில் செய்து காட்டியிருக்க வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸிலும் இதே நோய்தான், சற்றுச் சிறிய அளவில். கம்பெனி ஒரு பாகத்தின் எண்ணை மாற்றும். பழைய எண்ணில் வாங்கிய கிளட்ச் கேபிள் அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும். புதிய எண்ணைத் தேடினால் திரை இருப்பு இல்லை என்னும். அனுபவமுள்ள ஸ்டோர்கீப்பர் திரையை நம்பாமல் எழுந்து போய்ப் பார்ப்பார். புதியவர் ஆர்டர் போட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்.

இணையதளத்தில் குறை முகப்பிலேயே தெரியும். பெரிய பேனர், ஓடும் படங்கள், டெஸ்ட் ரைடு பொத்தான் எல்லாம் இருக்கும். விலை பழையதாக இருக்கும். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் இருசக்கர வாகனங்களின் வாழ்நாள் வரி உயர்ந்து, விலை ஒரு லட்சம் வரை என்றால் 10 சதவீதம், மேலே போனால் 12 சதவீதம் என்றானது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக ஏறியது. அறிவிப்பு வந்தது செப்டம்பர் 3. இடையில் 19 நாள். நவராத்திரி தொடங்கியதும் அதே 22ஆம் தேதி. வரி விகிதத்தை நிரலுக்குள் புதைக்காமல், எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று அட்டவணையில் வைத்திருக்கும் தளத்தில் புது வரியை முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். அது அன்று நள்ளிரவில் தானாக அமலுக்கு வரும். விலையைப் படமாக ஒட்டிவைத்த தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் புதுப் படம் செய்ய வேண்டும். வாங்குபவர் செல்பேசியில் பழைய விலையைக் காட்டிப் பேரம் பேசும்போது பதில் சொல்ல வேண்டியவர், தளத்தைப் பார்த்தே இராத சேல்ஸ்மேன்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய வேலைகள் பார்வைக்கு எளியவை. பெயருக்கு ஒரே கட்டம், ஆதாரில் உள்ளபடி, இனிஷியல் எந்தப் பக்கம் இருந்தாலும் அப்படியே. ஒரே மொபைல் எண்ணில் மூன்றாகக் கிடக்கும் வாடிக்கையாளர் பதிவுகளை ஒன்றாக்குவது. கைமாறிய வண்டியிலிருந்து பழைய உரிமையாளரின் எண்ணை எடுத்துவிடுவது, இல்லையென்றால் விற்றுவிட்ட வண்டிக்கு ஆண்டுக்கணக்காக சர்வீஸ் நினைவூட்டல் போகும். பழைய பாக எண்ணைப் புதியதோடு கட்டிவைப்பது. கோப்பின் அமைப்பு மாறினால் பதினைந்து நாள் முன்பே சொல்வது, மாதிரிக் கோப்போடு. பில்லில் பதிந்த பெயரும் முகவரியும் மற்ற தளங்களுக்குத் தானாகப் போக ஒரு வழி; அது வரும்வரை, ஐந்து இடத்துப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி வேறுபாட்டைச் சிவப்பில் காட்டும் ஒரு திரை. டெலிவரிக்கு கேட் பாஸ் அடிப்பதற்கு முன் அந்தத் திரையில் வாடிக்கையாளரே ஒருமுறை பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். கவுன்டருக்குப் பின்னால் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கும் நிரலாளர் வேண்டும்.

அந்த ஒரு வாரத்துக்கு ஏற்ற காலமும் ஆண்டுதோறும் வருகிறது. ஆடியில் புது வண்டி எடுப்பவர்கள் குறைவு. பில்லிங் மேசைக்குப் பேசவும் காட்டவும் நேரம் இருக்கும். அப்போது தொடங்கினால் ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முன் பெயர்க் கட்டத்தையாவது சரிசெய்துவிடலாம்.