கவர் டிரைவ் இல்லாத 241

மட்டையாட்டத்தின் அழகைப் பேசுவோர் பெரும்பாலும் அடிக்கப்பட்ட பந்துகளையே பேசுவர். அடிக்காமல் விடப்பட்ட பந்துகளாலும் ஓர் ஆட்டம் அழகு பெறக்கூடும் என்பதற்கு, 2004 ஜனவரியில் சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் எடுத்த 241 ஓட்டங்களைப் போலத் தெளிவான சான்று அரிது. 436 பந்துகளைச் சந்தித்த அந்த இன்னிங்ஸை, தமக்குப் பெரும் புகழ் தேடித்தந்த கவர் டிரைவை ஒதுக்கிவைத்தே அவர் கட்டி எழுப்பினார். அந்த நோன்பின் நுட்பத்தை முழுமையாகச் சுவைப்பதற்கு, திறன்களின் வகைப்பாடு, தகவல் செயலாக்கம், இலக்கு அமைத்தல் என்னும் விளையாட்டு உளவியலின் மூன்று கருத்துகள் துணைநிற்கின்றன.

சூழல் மாறாதிருக்க, ஆடுபவர் தாமே தொடங்கித் தாமே முடிக்கும் செயலை மூடிய திறன் என்றும், நொடிக்கு நொடி மாறும் சூழலுக்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டிய செயலைத் திறந்த திறன் என்றும் வகுப்பது வழக்கம். 1957இல் பூல்டன் என்னும் பிரிட்டிஷ் உளவியலாளர் முன்வைத்த இப்பாகுபாட்டைப் பின்வந்தோர் இரு தனிப் பெட்டிகளாகக் கொள்ளாமல், ஒரு கோட்டின் இரு முனைகளாகக் கொண்டனர். பளுதூக்குதல் ஒரு முனையை ஒட்டியும், கபடி மறுமுனையை ஒட்டியும் நிற்க, கிரிக்கெட்டில் ஒரே பந்துக்குள் இரண்டும் எதிரெதிரே சந்திக்கின்றன. பந்து கையை விட்டு அகலும்வரை காலத்தைத் தீர்மானிப்பவர் பந்துவீச்சாளரே என்பதால் அவருடைய ஓட்டத்தின் மாறாமை ரசிக்கத்தக்கது. அதன்பின் காலம் மட்டையாளரின் கையில் இல்லாமையால், அவருடைய இசைவு ரசிக்கத்தக்கது.

அந்தக் காலமும் மிகக் குறுகியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிகூட ஆவதில்லை. அதற்குள் வருவது இன்னதென உணர்தல், செய்யத்தக்கதைத் தேர்தல், உடலை அதற்கு ஆயத்தப்படுத்தல் என்னும் மூன்று படிகளை மனம் கடந்தாக வேண்டும். இந்தத் தொடர்நிகழ்வையே தகவல் செயலாக்கம் என்கின்றனர். தேர்ந்த மட்டையாளரின் கண் பந்தை இறுதிவரை பின்தொடர்வதில்லை என்பதையும், அது பந்து தரையில் படப்போகும் இடத்துக்கு முன்னரே தாவிச்சென்று காத்திருக்கிறது என்பதையும் 2000இல் லேண்ட், மெக்லியோட் ஆகியோரின் ஆய்வு காட்டியது. தேர்வுக்குரிய வாய்ப்புகள் பெருகப் பெருக எதிர்வினை நேரமும் நீளும் என்பது 1952இல் ஹிக் கண்ட விதி. சென்னையின் டென்னிஸ் பந்துத் தெரு ஆட்டத்தில் சொடக்குப் பந்து என வழங்குவதும், உலகம் கேரம் பந்து என அறிந்ததுமான வீச்சை ரவிச்சந்திரன் அஸ்வின் தம் ஆஃப் ஸ்பின்னோடு கலந்து வீசியபோது, விரல்களின் வழியே அவர் செய்ததும் எதிராளியின் மனத்தில் ஒரு வாய்ப்பைக் கூட்டியதுதான்.

டெண்டுல்கர் சிட்னியில் செய்தது இதன் மறுதலை. அவர் தம் மனத்தில் ஒரு வாய்ப்பைக் குறைத்தார். அத்தொடரின் முந்தைய ஐந்து இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தவை மொத்தம் 82 ஓட்டங்களே. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே செல்லும் பந்தைத் துரத்திய ஆசையே சில முறை அவரை வீழ்த்தியிருந்தது. இலக்குகளை உளவியலாளர் மூவகையாகப் பிரிப்பர்: வெற்றி தோல்வியைக் குறிக்கும் விளைவிலக்கு, ஓட்டம், நேரம் போன்ற அளவைக் குறிக்கும் செயல்திறன் இலக்கு, செய்யும் முறையைக் குறிக்கும் செயல்முறை இலக்கு. முதலாவது எதிரணியையும் சார்ந்தது. மூன்றாவதோ பெரிதும் ஆடுபவரின் ஆளுகைக்கு உட்பட்டது. நூறு எடுப்பேன் என்னும் உறுதி அடுத்த பந்தை எப்படி ஆடுவது எனச் சொல்லாது. கவர் டிரைவ் ஆடேன் என்னும் உறுதி ஒவ்வொரு பந்திலும் வழிகாட்டும். அந்த உறுதியால் வெளியே செல்லும் பந்து குறித்த கேள்வியும் சுருங்கியது. மிஞ்சிய கவனம் நேரே வரும் பந்துக்குக் கிட்டியது எனக் கொள்ள இடமுண்டு. ஓட்டங்களின் பெரும்பகுதி லெக் திசையில் குவிந்ததன் பொருளும் அதுவே.

மறுமுனையில் வி. வி. எஸ். லட்சுமண் 178 ஓட்டங்களைத் தமக்கேயுரிய நளினத்தோடு எடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்த்தவை 353. ஒரு முனையில் கையின் தாராளமும் மறுமுனையில் மனத்தின் கண்டிப்பும் அருகருகே நின்ற அந்த இணையில், எளிதில் கண்ணைக் கவர்வது முன்னதே. மட்டை உயர்ந்து வழிவிட, விக்கெட் காப்பாளரின் கையுறைக்குச் செல்லும் பந்துக்கு ஸ்கோர் ஏட்டில் கிடைப்பது ஒரு புள்ளி மட்டுமே. ஆயினும் கோலத்தில் புள்ளிகளை முதலில் இட்ட பிறகே இழைகள் அவற்றைச் சுற்றி வளைகின்றன. அந்த 241இன் இழைகளும் அப்புள்ளிகளைச் சுற்றியே வளைந்தவை.