ஆளி என்னும் உவமை

பரம்பரையலகொன்றின் வெளிப்பாட்டை மருந்தினால் வேண்டியபோது தொடக்கவும் நிறுத்தவும் வல்ல முறையை விளக்கப் புகுவோர், அதனை மின்விளக்கின் ஆளிக்கு ஒப்பிடுவது வழக்கம். இவ்வுவமை எவ்வளவிற்குப் பொருந்தும் என ஆராய்தல் தகும்.

செருமனியின் ஹைடல்பேர்க் நகரில் கோசன், பூயார்ட் என்னும் இருவர் முலையூட்டிக் கலங்களுக்கென 1992ஆம் ஆண்டு வெளியிட்ட முறையில், தெற்றாசைக்கிளின் உள்ளவரை குறித்த பரம்பரையலகு அடங்கியிருக்கும். மருந்து நீங்கின் தொழிற்படும். 1995இல் இதற்கு மறுதலையான முறையும் வந்தது.

உவமத்தை வகுத்த தொல்காப்பியர் வினையால் ஒத்தலையும் பயனால் ஒத்தலையும் வேறாக வைத்தார். அவ்வேறுபாடு ஈண்டு உதவும். பயனால் மருந்தும் ஆளியும் ஒக்கும்; வினையால் ஒவ்வா. ஆளி தனக்குரிய விளக்கையன்றிப் பிறிதொன்றைத் தீண்டாது. தெற்றாசைக்கிளின் இனமோ பற்றீரியாவின் புரதத் தொகுப்பைத் தடுப்பது. பற்றீரியாவின் வழித்தோன்றலெனக் கருதப்படும் இழைமணியையும் அது தாக்கும். ஆய்வுகூடங்களில் வழங்கும் டொக்சிசைக்கிளின் அளவே இழைமணியின் தொழிலைக் குலைக்கும் என 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே, மருந்தால் விளைந்த மாற்றத்தைப் பரம்பரையலகின்மேல் ஏற்றிக் கூறும் பிழை நேரலாம். அம்முறை புகுத்தப்படாத கலங்களுக்கும் அதே மருந்தை அளித்து ஒப்புநோக்காத முடிபு நம்பத்தக்கதன்று.

ஆளி இடைநிலை அறியாதது என்பதும் இங்குப் பொருந்தாது. ஒக்சிடெக் நிறுவனத்தார் இம்முறையால் ஆக்கிய நுளம்பின் குடம்பிகள் தெற்றாசைக்கிளின் பெறின் வாழும். பெறாவிடின் மடிதல் வேண்டும். எனினும், மருந்தின்றியும் நூற்றுக்கு 3 முதல் 5 வரை தப்பின என 2007இல் வெளியான ஆய்வு கூறிற்று.

2017இல் இவ்வகை நுளம்பு மராட்டியத்து ஜால்னாவிற் கூண்டுகளுள் வைத்துச் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையில் டெங்கு நோயாளரெனப் பதிவானோர் தொகை 186,000ஐக் கடந்தது. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்றவை இத்தகைய நுளம்பை ஏற்பதா மறுப்பதா என ஆராய நேரின், ஆளி உண்டா என வினவுதல் போதாது. அது எவ்வளவு கசியும், கழிவுநீரில் இம்மருந்து கலந்திருப்பின் தப்பும் குடம்பிகள் எத்தனையாகும் என்பனவே வினாக்கள்.

உவமையைக் கைவிடவேண்டுவதில்லை. மாணாக்கர்க்கு முதலில் அதுவே வழிகாட்டும். ஒக்கும் இடத்தைக் கூறும் ஆசிரியர் ஒவ்வாத இடத்தையும் உடன் கூறுவாராயின், அவர்தம் மாணாக்கர் பின்னர் ஆய்வுகூடத்திற் புகும்போது, மருந்தையும் ஐயுற்று நோக்கும் பழக்கத்துடன் செல்வர்.