மேல்நிலையாக்கக் கருத்தாக்கமும் நாடார் சமூக வரலாறும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

பிறப்பால் வரையறுக்கப்படும் சாதியமைப்பில் தனிமனிதர் தம் சாதியை மாற்றிக்கொள்ள இயலாது. ஆயினும் ஒரு சாதி முழுவதும் தன் தகுதிநிலையை உயர்த்திக்கொள்ள முயன்றமைக்கு வரலாற்றில் சான்றுகள் பல உள்ளன. இத்தகைய முயற்சிகளை விளக்க எம். என். சீனிவாஸ், குடகு மக்களைப் பற்றிய தம் நூலில் (1952) சமஸ்கிருதமயமாதல் என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். தமிழ் ஆய்வுலகில் அது மேல்நிலையாக்கம் எனவும் வழங்குகிறது. படிநிலையில் கீழே வைக்கப்பட்ட சாதி, மேல்சாதியின் சடங்குகளையும் வாழ்க்கைமுறையையும் மேற்கொண்டு ஓரிரு தலைமுறைகளில் மேலேறும் என்பது அதன் சாரம். இக்கருத்தாக்கத்தைப் பேசுவோர் நாடார் சமூக வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொள்வதுண்டு. அவ்வரலாற்றின் நிகழ்வுகளைக் கால வரிசையில் நோக்கினால், அவை இக்கருத்தாக்கத்தின் வலிமையைவிட அதன் எல்லையையே மிகுதியாகக் காட்டுகின்றன.

போலச்செய்தலும் அதன் விளைவும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகத்தால் வளம்பெற்ற நாடார்கள் தம்மைச் சத்திரியர் என்றனர், பூணூல் அணிந்தனர், பாண்டியர் மரபினர் எனத் தம்மை நிறுவும் நூல்களை வெளியிட்டனர். திருநெல்வேலிச் சாணார் குறித்துக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூலின்மீது எழுந்த எதிர்ப்பும் இவ்வெழுத்துகளுக்குத் தூண்டுகோலாயிற்று. மேல்நிலையாக்கத்தின் கூறுகளாகச் சொல்லப்படுவன பலவும் இங்குக் காணப்படுகின்றன. ஆனால் எதிர்பார்த்த ஏற்பு கிட்டவில்லை. 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் கலவரங்கள் மூண்டன. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். கீழமை நீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும் நுழைவுரிமையை மறுத்தன; 1908இல் பிரிவி கவுன்சிலும் அதனை உறுதிசெய்தது. நெடுங்கால வழக்காறு தீர்ப்புக்கு ஆதாரமாயிற்று.

மேல்நிலையாக்கத்தின் தொடக்க வடிவில், ஒரு சாதியின் உரிமைகோரலை ஏற்பதும் மறுப்பதும் அண்டைச் சாதிகளின் செயல்களாகவே அமைகின்றன. காலனிய ஆட்சியிலோ நீதிமன்றமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவ்வதிகாரத்தில் பங்குகொண்டன. கணக்கெடுப்பின் பங்கினைச் சீனிவாசே பின்னாளில் சுட்டியுள்ளார். எனினும் வட்டார வழக்காறு தீர்ப்பாக எழுதப்பட்டு இறுகியதைப் போலச்செய்தல் என்னும் ஒற்றை அளவுகோலால் விளக்க இயலாது.

மகமையும் உறவின்முறையும்

நாடார் உயர்வின் அடித்தளம் பூணூலில் இல்லை. வணிகச் சரக்கின்மீது தமக்குள் விதித்துக்கொண்ட மகமை, அதனைத் திரட்டி ஆண்ட உறவின்முறை, சரக்கினைப் பாதுகாத்த பேட்டை ஆகியவற்றிலேயே அது உள்ளது. கிணறும் கோயிலும் பள்ளியும் பொதுநிதியால் எழுந்தன. விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலையின் பெயர் பழைய உரிமைகோரலைச் சுமக்கிறது. அப்பள்ளியைத் தாங்கியதோ சமூகத்தின் கூட்டுப் பொருள்வளம். பின்னாளில், 1954இல், முதலமைச்சரான காமராசர் அங்குப் பயின்றவர். 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் இவ்வூர் அமைப்புகளை மாகாண அளவில் இணைத்தது. இவ்வமைப்புகளை விரிவாகப் பதிவுசெய்த இராபர்ட் ஹார்ட்கிரேவின் நூல் (1969), சடங்குமுறை மாற்றத்தோடு நில்லாமல் அரசியல் பண்பாட்டையும் ஆய்வுப்பொருளாக்கியது அதன் சிறப்பு.

ஆயினும் ‘ஒரு சாதியின் உயர்வு’ என்னும் தொடர் உள்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. நாடான் என்பது தெற்கே நிலமைக்காரர்க்குரிய பட்டமாக இருந்தது. 1921இல் அரசு ஆவணங்களில் சாணார் என்பதற்கு மாற்றாக நாடார் என்பது ஏற்கப்பட்டபோது, மேல்தட்டின் பட்டம் அனைவர்க்கும் உரியதாயிற்று. தேரிக்காட்டுப் பனையேறிக்கு அது இழிவுப் பெயரிலிருந்து விடுதலை தந்தது. ஆனால் அவர் தொழிலும் கூலியும் பெயரோடு சேர்ந்து மாறிவிடவில்லை.

கோயில் கதவு திறந்த முறை

கமுதி வழக்கில் நாடார் தரப்பின் வாதம், விலக்கப்பட்டோர் வரிசையில் தாம் அடங்கார் என்பது. விலக்கே தவறு என்பதன்று. அவ்வாதம் தோற்றது. அதே சமூகத்திலிருந்து வேறொரு குரலும் எழுந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டிற்கு டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை தாங்கினார். சாதிப் பட்டங்களைக் கைவிடவேண்டும் என்றது அம்மாநாடு. 1939 சூலை 8இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்ற குழுவில் தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் இருந்தனர். பாண்டியர் மரபு என்னும் சான்றால் திறவாத கதவு, விலக்கப்பட்ட பிறரோடு சேர்ந்து சென்றபோது திறந்தது. சங்கத்தின் வலிமையும் வணிகச் செல்வமும் இதற்குத் துணைநின்றமை மறுக்கத்தக்கதன்று. ஆனால் உரிமையின் அடிப்படை மாறிவிட்டது.

முடிவுரை

மேல்நிலையாக்கம் சாதியின் இடத்தை மாற்றுமேயன்றி அமைப்பை மாற்றாது எனச் சீனிவாசே கூறியுள்ளார். அம்பேத்கர் கூறும் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை இதன் காரணத்தை விளக்குகிறது: தனக்குக் கீழே ஒரு படி இருக்கும்வரை எந்தச் சாதிக்கும் அப்படிக்கட்டைக் காப்பதில் ஓரளவு பயனுண்டு. சத்திரிய உரிமைகோரல் இப்பயனை விட்டுக்கொடுக்கவில்லை. 1939இன் நுழைவு விட்டுக்கொடுத்தது. சாதிவழி உயர்வை ஆராய்வோர், ஒரு சாதி எத்தனை படி ஏறியது என்பதோடு நில்லாமல், அச்சாதிக்குள் யார் ஏறினர், ஏறியபோது யாரைக் கீழே நிறுத்தினர் என்பவற்றையும் ஆய்வு வினாக்களாகக் கொள்ளவேண்டும்.