பிணை நின்றவர் யார்?

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், நுபுவ்வத்துக் காண்டத்தைச் சேர்ந்த ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ நம்மவர் பலரும் அறிந்ததே. பண்டிதர் அதன் வருணனையைப் புகழ்வர். பக்தர் மான் பேசிய அற்புதத்தை வியப்பர். அதனுள் ஒரு வழக்கு இருப்பதை இரு சாராரும் நோக்குவதில்லை என்பதே நமது குறை.

வேடனொருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டிவிட்டான். கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாக மான் நபிகள் நாயகத்திடம் முறையிடுகிறது. நாயகம் வேடனைக் கடிந்தாரில்லை. கட்டைப் பலவந்தமாக அவிழ்த்தாருமில்லை. பசித்தவன் இரையின்மேல் கொண்ட உரிமையை ஒப்புக்கொண்டு, மான் வரும்வரை தாமே பிணையாக நிற்கிறார். ‘பிணை’ என்பது பெண்மானுக்கும் பெயர், ஜாமீனுக்கும் பெயர். கட்டுண்டதன் இடத்தில் நடுவரே நிற்பதை இவ்வொரு சொல்லே காட்டிவிடுகிறது. நடுநிலைமை என்றால் இரு பக்கத்துக்கும் எட்ட நிற்பது என்று எண்ணுவோர் இதனை மீண்டும் படிப்பார்களாக. குர்ஆனின் ‘ஹுஜுராத்’ அத்தியாயமும் சமாதானத்தை நீதியோடு சேர்த்தே கேட்கிறது.

கிள்ளானில் நாம் கண்டது வேறு. 1941-இல் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழிதல் முதலியன அவர்தம் கோரிக்கைகள். தோட்டத்தில் இடைநிற்க இருந்தவர்கள் கங்காணியும் கிராணியும். அவர்களோ துரையிடம் சம்பளம் வாங்குவோர்! ஆர். எச். நாதன் தொழிலாளர் பக்கம் நின்றார்; மே மாதம் கைதானார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவியது. அரசு படையை வரவழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

படலத்தின் முடிவிலும் நமக்கொரு மனக்குறை உண்டு. மான் கன்றோடு திரும்புகிறது. வேடன் மனம் மாறி இஸ்லாத்தைத் தழுவி அதனை விடுவிக்கிறான். அழகிய முடிவுதான். ஆயினும் தன் நாணயத்தை முதலில் மெய்ப்பிக்க வேண்டியது கட்டுண்ட மானே, கட்டியவனல்லன். காப்பியத்திலே மான் பிழைத்தது, பிணை நின்றவர் அங்கேயே நின்றதனால். கிள்ளானிலோ, தொழிலாளருக்காக நின்றவரையே நாடு கடத்தினர். கள்ளுக்கடைகள் திறந்தே இருந்தன.