ஓவியத்தில் பாலமும் கால்வாயும்

சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் 1726-இல் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் அமைத்தார். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் அந்நூற்றாண்டின் இறுதியில் அதனை வரைந்து அச்சிட்டனர். பழைய பாலம் மறைந்து புதுப்பாலம் வந்துவிட்டது. அதன் வடிவை அவ்வோவியமே காத்து நிற்கிறது. கலை ஆற்றத்தக்க தொண்டு இதுவே என்போம்.

ஆயின், எண்ணூரையும் பழவேற்காட்டையும் தொட்டு நம் திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பேறு வாய்த்ததா? 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய நீர்வழி அது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877-78 பஞ்சத்தின்போது கூலிக்கு வெட்டியோர் பசித்த ஏழைகள், பெயரோ ஆளுநருடையதாயிற்று. அப்பஞ்சத்தில் ஹூப்பர் என்பார் எடுத்த புகைப்படங்களுள் நாம் கண்டவற்றில் எலும்பாய் ஒடுங்கிய உடல்கள் உள்ளன; மண்வெட்டி பிடித்த கைகள் இல்லை.

இன்று அக்கால்வாயை வரையப் புகும் நம் இளைஞர்கள் நீரின் அழகோடு நின்றுவிடலாகாது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியையும், இடுப்பளவு நீரில் இறங்கி இறால் தடவும் கையையும் சேர்த்தே தீட்டுதல் வேண்டும். அவையின்றேல் அது அக்கால்வாயின் படமாகாது.